மெதுவாக நடப்பதற்கு எத்தனை புள்ளி?

ஜெலுத்தோங், பினாங்கு
11 மார்ச் 1984

அன்புள்ள தம்பி சற்குணம்,

அக்கா தவமணி எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நேற்றும் பாசாரிலிருந்து வரும் வழியில் குவே பலகாரம் வாங்கித் தின்றிருக்கிறார். சட்டையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. குளுவாங் முகாமில் உன் இருமல் எப்படி இருக்கிறது?

ஒரு விஷயத்துக்கு உன் உதவி வேண்டும். சிரிக்கக் கூடாது.

இஸ்மாயிலை உனக்கு ஞாபகம் இருக்கும். சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் அலாவுதீன் மாமாவின் மகன். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவன் ஒரு பெட்டி நிறையப் புத்தகமும் பகடையுமாக வந்திறங்கினான். கதை விளையாட்டு என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு மனிதனை உருவாக்கி, அவனாகவே பேசி, அவனாகவே முடிவெடுக்க வேண்டும். ஞாயிறு மதியம் நம் வீட்டு மேசையில்தான் நடக்கிறது. இஸ்மாயில், என்னோடு நூலகத்தில் வேலை செய்யும் ரொஸ்னா, நான். அப்பா நாற்காலியில் படுத்தபடி, “சூதாட்டம்” என்பார். ஆனால் எழுந்து போக மாட்டார்.

மனிதனை உருவாக்கும்போதே அவன் முந்திய வாழ்க்கையையும் பகடை போட்டுத் தீர்மானிக்கிறோம். பட்டாளத்தில் நான்கு வருஷம் இருந்தான் என்றால் ஒருமுறை உருட்ட வேண்டும், பிழைத்தானா என்று. அடுத்து, பதவி உயர்ந்ததா. பிறகு, என்ன கற்றான். இங்கேதான் எனக்குக் கோபம். அந்தப் புத்தகத்தில் பட்டாளத்தான் கற்பதெல்லாம் சுடுவது, குத்துவது, கட்டளையிடுவது. என் தம்பி ஆறு வருஷமாகப் பட்டாளத்தில் இருக்கிறான், அவன் கடிதத்தில் ஒருமுறைகூடத் துப்பாக்கி வந்ததில்லை என்றேன். “அப்படின்னா நீயே எழுதுலா அக்கா” என்று இஸ்மாயில் அந்த அத்தியாயத்தை என் தலையில் கட்டிவிட்டான்.

எனவே சொல். பட்டாளத்தில் என்னென்ன வேலைகள்? யாருக்கு என்ன தெரியும்? உன் வேலைக்கு என்ன திறமை வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரச் சட்டையோடு உட்காராதே.

அன்புடன்,
அக்கா


குளுவாங்
2 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. அப்பாவைக் குவேயிலிருந்து காப்பாற்ற ஒரு படைப்பிரிவே வேண்டும், என்னை எதிர்பார்க்காதீர்கள்.

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் காதலியின் கடிதமா என்று கேட்டான்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். பட்டாளத்தில் ராஜா யார் தெரியுமா? தளபதி இல்லை. லீவு ஃபாரங்களை வைத்திருக்கும் கிளார்க். அவனுக்குப் பேச்சில் நிறையப் புள்ளி போடுங்கள். சமையல்காரனுக்கு மழையில் அடுப்பு மூட்டத் தெரியும். அவனைப் பகைத்துக்கொண்டவனுக்குக் கோழியில் கழுத்துதான் வரும். லாரி ஓட்டுபவன் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே நோய் என்று சொல்லிவிடுவான். மருந்துக்காரன் எங்கள் கால் புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காதவன், அதுவே பெரிய திறமை. சிக்னல்காரன் வானொலிச் செட்டை முதுகில் சுமப்பவன். மேட்டில் ஏறி எல்லோரும் மூச்சு வாங்கும்போது அவன் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு தெளிவாகப் பேச வேண்டும்.

நாங்கள் பொறியாளர் பிரிவு. பாலம் போடுவோம், தண்ணீர் சுத்தம் பண்ணுவோம், கழிப்பறைக் குழி வெட்டுவோம். இங்கே வருமுன் வடக்கு எல்லையில் இருந்தபோது கண்ணிவெடி பார்த்தோம். அதற்கு என்ன திறமை என்றால், மெதுவாக நடப்பது. உண்மையாகத்தான் சொல்கிறேன். வேகமாக நடக்க யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். மெதுவாக நடப்பதற்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்? முன்னால் போகிறவன் தரையைப் பார்த்து, பார்த்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவான். பின்னால் வருகிறவர்கள் நாடாவுக்குள் நடக்க வேண்டும். அவர்கள் தரையைப் பார்க்க மாட்டார்கள். நாடாவைத்தான் பார்ப்பார்கள். அந்த நம்பிக்கைக்கு உங்கள் புத்தகத்தில் ஏதாவது பெயர் இருக்கிறதா?

மழை வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது. ரொஸ்னாவையும் இஸ்மாயிலையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சற்குணம்


ஜெலுத்தோங்
15 ஏப்ரல் 1984

அன்புத் தம்பிக்கு,

சித்திரைப் பிறப்பு நல்லபடியாகப் போனது. அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கேட்டால் கண்ணாடியைத் துடைத்தேன் என்பார். முகாமில் உனக்குப் பாயசம் கிடைத்ததா?

உன் கடிதத்தை மேசையில் உரக்கப் படித்தேன். இஸ்மாயில் தொடையில் தட்டி, “இதுதான்லா வேணும்!” என்றான். கிளார்க், சமையல்காரன், டிரைவர் எல்லோருக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதிவிட்டேன். மெதுவாக நடப்பதற்கு மூன்று புள்ளி. ரொஸ்னா ஐந்து கேட்டாள்.

ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். பிழைத்தானா என்ற பகடை தோற்றால், புத்தகத்தின்படி அந்த ஆள் செத்தான், காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளை உருவாக்கு. எனக்கு அது பிடிக்கவில்லை. செத்தவனை விடு, கூட இருந்து பிழைத்தவனுக்கு என்ன ஆகும்? அவன் அடுத்த நான்கு வருஷம் எப்படி வேலை செய்வான்? உங்கள் பிரிவில் அப்படி ஏதாவது நடந்ததுண்டா? எல்லை நாட்களைப் பற்றி நீ வீட்டில் எதுவும் பேசியதில்லை, அதனால் கேட்கிறேன். பேச விருப்பமில்லை என்றால் வேண்டாம். ஆனால் எழுதினால் எனக்கு ரொம்ப உதவியாக இருக்கும்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அக்கா


குளுவாங்
20 ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கண்ணிவெடி பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னுடையது. அப்பாவின் கண் பரிசோதனை என்ன ஆயிற்று?

நீங்கள் கேட்டது. எல்லையில் எங்களோடு பிச்சைமுத்து என்று ஒருவன் இருந்தான். சிக்னல்காரன். நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். நன்றாகப் பாடுவான். செட்டைச் சுமந்துகொண்டு எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவான். நீ பார்த்த பாதை என்றால் எனக்குப் பயமில்லை என்பான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை.

அவன் நாடாவுக்குள்தான் நடந்தான்.

விசாரணை வைத்தார்கள். யார் மேலும் தப்பில்லை என்று முடித்தார்கள். மரப்பெட்டியில் வைத்த வெடி, கருவிக்கு அகப்படாது.

இங்கே இந்த வருஷம் மழை அதிகம். முகாமுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் காய்த்துக் கொட்டுகிறது, குரங்குக்குப் போக மிச்சம் எங்களுக்கு. பிழைத்தவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். மாற்றல் கேட்பான். கிடைக்கும்.

சற்குணம்


ஜெலுத்தோங்
5 ஜூலை 1984

அன்புத் தம்பிக்கு,

அப்பாவுக்கு வலது கண்ணில் சதை வளர்கிறதாம், இப்போது அவசரமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பாவோ பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு என்னைப் படிக்கச் சொல்கிறார். மரண அறிவித்தல்கள் உட்பட.

உன் கடிதம் கிடைத்தது. பிச்சைமுத்துவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீ ஏன் எல்லையிலிருந்து வந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது.

அத்தியாயத்தை முடித்துவிட்டேன். உன் சொற்களால்தான் முடிந்தது. இஸ்மாயில் டைப் அடித்து, நகலெடுத்து, கோலாலம்பூரில் இருக்கும் ஒரு கூட்டாளிக்கும் அனுப்பியிருக்கிறான். இதில் உயிர் இருக்கிறது என்று அங்கே விளையாடுபவர்கள் எழுதினார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்! இத்தனை வருஷம் நான் செய்த எதையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

தீபாவளிக்கு வருவாயா? வந்தால் உனக்கே காட்டுகிறேன். உனக்குப் பிடித்த நண்டுக் கறி என் பொறுப்பு.

அக்கா


குளுவாங்
18 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டது. கிளார்க்குக்கு ஒரு பை ரம்புத்தான் கொடுத்தேன். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு வரை வீட்டில் இருப்பேன், திங்கள் ரயில். நண்டு இரண்டு கிலோ வாங்குங்கள்.

சற்குணம்


ஜெலுத்தோங்
30 அக்டோபர் 1984

என் அன்புத் தம்பிக்கு,

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா? அப்பா உன்னைக் கேட்டபடி இருக்கிறார். முகாமிலிருந்து அவசர அழைப்பு என்று நீ சொன்னதை அவர் நம்பிவிட்டார். நான் நம்பவில்லை.

நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், நீ எழுத வேண்டியதில்லை.

ஞாயிறன்று நீ சமையலறையில் தே தாரிக் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாய். எல்லோருக்கும் நானே கொண்டு வருகிறேன் என்றாய். இங்கே ரொஸ்னா தன் ஆளின் பட்டாள வாழ்க்கையை உருட்டிக்கொண்டிருந்தாள். பொறியாளர் பிரிவு. உன்னை மகிழ்விக்க அதைத்தான் எடுத்தாள். இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தது.

“ஐயோ, ரெண்டு! செத்தான்லா என் ஆளு!” என்று கத்தினாள்.

இஸ்மாயில் நகலைப் பார்த்துச் சிரித்தான். “உன் ஆளு சாகலலா. கூட்டாளிதான் செத்தான். நீ திறமையில ஒண்ணக் குறைச்சிக்கோ, போதும்.”

“எதைக் குறைக்கிறது? சமையலக் குறைச்சிடறேன். எப்படியும் அவனுக்குச் சமைக்க வராது.”

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், சற்குணம். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ தட்டோடு வாசலில் நின்றிருந்தாய். “என்ன வரி அது? படிங்க பாப்போம்” என்றாய். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, “படி பிள்ளை, தம்பி கேக்கிறான்” என்றார். நான் படித்தேன். ‘நீங்கள் பார்த்து நாடா கட்டிய பாதையில் உங்கள் நண்பர் இறக்கிறார். ஒரு திறமையை இழக்கிறீர்கள், மாற்றல் உறுதி.’

நீ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டை மேசையில் வைத்தாய். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிளாஸ் எடுத்து வைத்தாய். பிறகு, “வெடிச்சப்போ நாடா எந்தப் பக்கம் அறுந்துச்சுன்னு எழுதலையேக்கா” என்றாய். அவ்வளவுதான். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

ரொஸ்னா அழுதாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பிச்சைமுத்துவைப் பற்றிய கடிதத்தை நான் அவர்களிடம் படிக்கவில்லை, வரியை மட்டும்தான் கொடுத்தேன். படிக்காமல் மறைத்தேனே, அப்படியென்றால் அது உன்னுடையது என்று எனக்குத் தெரிந்துதானே இருந்தது? வரியை அடித்துவிட்டேன். “அடிச்சி என்னக்கா ஆவப் போவுது, நம்ப சிரிச்சிட்டோமே” என்று இஸ்மாயில் சொன்னான். கோலாலம்பூருக்குப் போன நகலைத் திருப்பி வாங்க எழுதியிருக்கிறான்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வரி போடு.

அக்கா


ஜெலுத்தோங்
9 டிசம்பர் 1984

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று அப்பாவுக்கு வந்த அட்டையிலிருந்து தெரிந்துகொண்டேன். ‘நான் நலம், மழை அதிகம், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று முகவரிப் பக்கம் வரை திருப்பிப் பார்த்தேன். அப்பா கவனித்துவிட்டார். “உனக்கும் அவனுக்கும் என்ன?” என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஞாயிறு விளையாட்டை நிறுத்திவிட்டோம். யாரும் நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் இஸ்மாயிலுக்குக் கடையில் வேலை, மறுவாரம் ரொஸ்னாவுக்குத் தலைவலி, அப்படியே போய்விட்டது.

மழையில் நனையாதே.

அக்கா


ஜெலுத்தோங்
17 பிப்ரவரி 1985

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனோம். அப்பா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்.

உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன சனிக்கிழமை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், பஸ் பிடித்து நிபோங் திபால் போனேன். பிச்சைமுத்துவின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்து என்ன சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன்.

அந்தத் தோட்டம் இல்லை, சற்குணம். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருக்கிறார்கள். கன்றுகள் என் இடுப்பளவுதான். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஒரு கதவில் யாரோ கோலம் மாதிரிப் பெயின்டால் வரைந்திருந்தது அப்படியே இருக்கிறது.

டவுனில் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் மீரா சாகிப். அவரிடம் விசாரித்தேன்.

“தோட்டத்த வித்துட்டாங்கம்மா. ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. பட்டாளத்துல செத்துப் போனானே, பிச்சைமுத்து, அவன் பொஞ்சாதியா? லோகாம்பா. அது பட்டர்வொர்த் பக்கத்துல, பிறையில ஃபிளாட்டுல இருக்கு. ஃபேக்டரியில ஷிப்ட் வேலை. நல்ல பிள்ளைம்மா அது.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க யாரு?”

நூலகத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். பாக்கி வைத்த புத்தகத்தைத் திரும்பக் கேட்க வந்தவள் என்று நினைத்திருப்பார். கடை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது, இது நான் போக வேண்டிய வீடு இல்லை என்று. பிறைக்குப் போகாமல் திரும்பிவிட்டேன்.

விவரத்தை உனக்குச் சொல்லாமல் இருந்தால் அது இன்னொரு தப்பாகிவிடும் என்று பயந்து எழுதுகிறேன்.

அக்கா


குளுவாங்
1 மார்ச் 1985

அக்கா,

உங்களை யார் போகச் சொன்னது?

பிச்சைமுத்து செத்தபோது அவன் பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க என்னைத்தான் அனுப்பப் பார்த்தார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வேறு ஒருவன் போனான். அதன் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் உங்களிடம் வரும் ரயில் நிபோங் திபால் வழியாகத்தான் வருகிறது. ஸ்டேஷன் வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். இது உங்கள் அட்டவணையில் ஒரு வரியில் அடங்காது. தயவு செய்து இதற்கு மேல் எதையும் தேடாதீர்கள்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சற்குணம்


ஜெலுத்தோங்
10 மார்ச் 1985

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியது எல்லாமே சரி. அன்றைக்குப் பிறகு நான் எதையும் தேடவில்லை, இனித் தேடவும் மாட்டேன்.

கோலாலம்பூர் நகல் வந்துவிட்டது. அந்த அத்தியாயம் முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டேன். சமையல்காரன், டிரைவர், உன் கிளார்க் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா நலம். கண் ஆபரேஷன் ஜூலையில்.

நீ திட்டியாவது எழுதினாயே, அதுவே எனக்குப் பெரிது.

அக்கா


குளுவாங்
23 ஜூன் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். ஆபரேஷன் சமயத்தில் நான் வந்துவிடுகிறேன், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

போன வாரம் பிறைக்குப் போய்விட்டு வந்தேன். உங்களிடம் சொல்லாமல் போனதற்குக் காரணம், கடைசி நேரத்தில் திரும்பிவிடுவேனோ என்ற பயம்தான்.

ஃபிளாட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நான்காவது மாடி. லோகாம்பா ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், “சற்குணம் அண்ணன்தானே?” என்றாள். அவள் வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் பிச்சைமுத்துவுக்குப் பக்கத்தில் நான்தான் நிற்கிறேன். “இவ்வளவு நாளா எங்கண்ணே இருந்தீங்க? அவரு எப்பவும் உங்களப் பத்தித்தான் எழுதுவாரு” என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாதையைப் பார்த்தது நான்தான் என்று சொன்னேன். போகலாமா என்று அவன் கேட்டான், வா என்றேன் என்றும் சொன்னேன். தயாராக வைத்திருந்த சொற்கள், அதனால் தடையில்லாமல் வந்தன.

அவளுக்குக் கோபம் வரவில்லை. “அது உங்க தப்பில்லண்ணே, ஆபீசரு வந்து சொன்னாரு” என்றாள். “அவரு உடனே போயிட்டாராம். வலியே தெரியலயாம். அந்த ஒரு புண்ணியமாச்சும் கிடைச்சிச்சே. அப்படித்தானே?”

ஆமாம் என்று சொல்ல வேண்டும், அக்கா. ஒரு சொல். ஆனால் நான் பொய் சொல்ல அங்கே வரவில்லை என்று அந்த நிமிஷம் ஒரு வீறாப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஓடியவன் இப்போது முழுதையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

“இல்லம்மா” என்றேன். “ஹெலிகாப்டர் வரக் கொஞ்ச நேரமாச்சு. என் மடியிலதான் இருந்தான். பேசிக்கிட்டுத்தான் இருந்தான்.”

அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என்ன பேசினாரு? என்னப் பத்தி... பாப்பாவப் பத்தி ஏதாச்சும்?”

அங்கேயாவது பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. கடைசியில் உண்மைதான் வந்தது. “செட்ட அணைச்சிடு, பேட்டரி போயிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான்.”

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவேயில்லை. பிறகு எழுந்து, நான் குடித்து முடிக்காத கிளாஸை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

“நாலு வருஷமா, உடனே போயிட்டாரு, வலி தெரியல, அப்படின்னு சொல்லிச் சொல்லித்தான் நான் தூங்கறேன். அதயும் எடுத்துட்டீங்களேண்ணே.”

நான் எழுந்து நின்றேன்.

“நீங்க கெட்டவரு இல்ல. எனக்குத் தெரியும். ஆனா இனிமே வராதீங்க. பாப்பாகிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க.”

வந்துவிட்டேன். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஆளேற்றிக்கொண்டிருந்தது. எதிரே பினாங்கு. ஏறியிருந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பேன். ஏறவில்லை. ரயில் ஸ்டேஷனுக்குப் போய், வந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் மேல் இருந்த கோபத்தை ரயிலில் தேடிப் பார்த்தேன். காணவில்லை. நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு செய்தேன். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று யாரோ எப்போதோ சொல்லி நம்பியிருக்கிறேன். என்னுடையது குறையவில்லை. அவளுக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

ரொஸ்னாவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்லுங்கள். பாவம், அவள் சிரித்ததில் ஒரு தப்பும் இல்லை.

நான் நலமாக இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் மட்டும் வேறு பதில் வைத்திருக்கிறேன். ஜூலையில் நேரில் கேளுங்கள்.

உங்கள் தம்பி,
சற்குணம்